படத்தைத் திருத்தும் எண் கட்டம்

சென்ற ஆண்டில் நாம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, அதன் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் ஒரு தீர்மானத்தைக் கண்டோம். சங்கத்தின் பொடிக் கோட்டுச் சேலைகளைப் படம் பிடித்து, வெளியூர் வியாபாரி ஒருவருக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, சேலையின் உடலில் பட்டை பட்டையாக நெசவுப் பிசகு தெரிகிறதென்று கூறி ஆர்டரை ரத்து செய்துவிட்டார். ஆகவே, நெய்த அங்கத்தினரின் கூலியில் ஒரு தொகையைப் பிடித்தம் செய்வதென்று நிர்வாகக் குழு தீர்மானித்திருந்தது.

அந்த நெசவாளரை அழைத்துக் கேட்டோம். அவர் அதிகம் பேசவில்லை. “படத்தை விடுங்கள் ஐயா, சேலையை விரித்துப் பாருங்கள்” என்றார். சேலைகள் கிடங்கில் மடித்தபடியே இருந்தன. அவற்றை விரித்துப் பாராமல், படத்தை மட்டும் பார்த்தே தீர்மானம் எழுதப்பட்டிருந்தது. வாசலில் வெயிலில் விரித்துப் பார்த்தோம். ஓர் இழையும் பிசகவில்லை, பட்டையும் இல்லை. பிசகு தறியில் நேர்ந்ததன்று. கணினியில் படத்தைச் சிறிதாக்கியபோதும் ‘அழகு’ செய்தபோதும் நேர்ந்தது. அடுத்த கூட்டத்தில் அத்தீர்மானம் ரத்தாயிற்று.

இதனைக் கீழ்பென்னாத்தூரில் அங்கத்தினர் சிலரிடம் நாம் எடுத்துரைத்தபோது ஒருவர், “படம் திருத்தும் மென்பொருளில் நாமே எண்களை எழுதிக்கொள்ளும்படி ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் என்ன எழுதுவது?” என்று கேட்டார். நல்ல கேள்வி. மேற்சொன்ன பிசகு நேர்ந்த காரணமும், அது நேராமல் தடுக்கும் வழியும் அந்தக் கட்டத்தைக் கொண்டே விளங்கும். அதனை இங்கு விளக்க முற்படுவோம்.

படம் என்பது கிராப் தாளே

கணினியிலுள்ள படம் எத்தகையது என்பதை நெசவாளருக்கு விளக்கவேண்டிய அவசியமே இல்லை. புட்டாவையோ கரையையோ நெய்வதற்கு முன் அதனைக் கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் போடுகிறோம். ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் இடத்தைக் குறிக்கும். அந்தத் தாளைப் பார்த்தே ஜக்கார்டு அட்டையில் துளையிடுகிறோம். பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய அந்தப் பொறி துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டையே அறியும். கணினிப் படமும் அத்தகைய கட்டங்களால் ஆனதே. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் இருக்கும். 0 என்பது முழுக் கறுப்பு. 255 என்பது முழு வெண்மை. இடைப்பட்டவை சாம்பல் நிறத்தின் படிகள். வண்ணப் படமாயின் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே மூன்று எண்கள் உண்டு. இக்கட்டங்களைப் புள்ளிகள் என்று கூறுவோம்.

படத்தை மங்கலாக்குவதும் கூர்மையாக்குவதும் ஓரங்களை எடுத்துக் காட்டுவதும் இந்த எண்களை மாற்றும் செயல்களேயாகும். எவ்வாறு மாற்றுவது என்ற விதியையே அந்த எண் கட்டம் கூறுகிறது. ஆங்கிலத்தில் இதற்குக் கன்வல்யூஷன் என்று பெயர். பெயர் பெரிதாயினும், செய்வது பெருக்கலும் கூட்டலும் வகுத்தலும்தான்.

கட்டத்தின் கணக்கு

ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதனைச் சுற்றி எட்டுப் புள்ளிகள் இருக்கின்றன. ஆக ஒன்பது. இந்த ஒன்பதின் மேல் ஒன்பது எண்கள் கொண்ட ஒரு கட்டத்தை வைக்கிறோம். ஒவ்வொரு புள்ளியின் மதிப்பையும் அதன்மேல் அமைந்த எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, ஒரு வகுக்கும் எண்ணால் வகுக்கிறோம். வருகிற விடையே நடுப்புள்ளியின் புதிய மதிப்பு. பின்னர்க் கட்டத்தை ஒரு புள்ளி நகர்த்தி, அடுத்த புள்ளிக்கும் இவ்வாறே செய்கிறோம். படம் முழுவதற்கும் கணினி இதனை நொடிப்பொழுதில் செய்து முடிக்கிறது. எப்போதும் பழைய படத்தின் எண்களைக் கொண்டே கணக்கிடுமாதலால், முன்பு கண்ட விடை பின்பு காணும் விடையைப் பாதிப்பதில்லை.

மிக எளிய கட்டம் இது:

1  1  1
1  1  1
1  1  1
வகுக்கும் எண் 9

நடுப்புள்ளி 180, சுற்றியுள்ள எட்டும் 90 என்று வைத்துக்கொள்வோம். எட்டுத் தொண்ணூறு 720. அதனுடன் 180 சேர்த்தால் 900. 9ஆல் வகுத்தால் 100. துணியின்மேல் பளிச்சென்று தெரிந்த தூசி அக்கம்பக்கத்தோடு கலந்து மங்கிவிட்டது. இதுவே மங்கலாக்கும் கட்டம். ஒன்பது பேரின் வருமானத்தையும் ஒன்றாகக் கூட்டிச் சமமாகப் பங்கிடுவது போன்றது இது. நடுவிலுள்ளவருக்குச் சற்று அதிகப் பங்கு தரவேண்டுமானால் நடுவில் 4, பக்கங்களில் 2, மூலைகளில் 1 என்று எழுதி 16ஆல் வகுக்கலாம். அப்போது மங்கல் இன்னும் மென்மையாக அமையும்.

இங்கே ஒரு முக்கியமான விதியைக் கவனிக்கவேண்டும். கட்டத்தில் எழுதிய எண்களின் கூட்டுத்தொகையும் வகுக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். முதற் கட்டத்தில் கூட்டுத்தொகை 9, வகுக்கும் எண் 9. இரண்டாவதில் 16, 16. ரொக்கப் புத்தகத்தில் வரவும், செலவும் இருப்பும் சேர்ந்த தொகையும் சரியாக நிற்பதுபோல, இங்கே ஒளியின் கணக்கு நிற்கிறது. கூட்டுத்தொகை மிகுந்தால் படம் முழுவதும் வெளிறும், குறைந்தால் இருளும். அரக்கு நிறச் சேலை செம்மண் நிறமாகத் தெரிந்து, வாங்கியவர் அதனைத் திருப்பி அனுப்ப நேரிடும். ஆகவே, எந்தக் கட்டத்தை எழுதினாலும் முதலில் கூட்டிப் பாருங்கள்.

கூர்மையும் அதன் விலையும்

எல்லோரும் பெரிதும் விரும்புவது கூர்மையாக்கும் கட்டம். அதன் அமைப்பு வருமாறு:

0  -1  0
-1  5  -1
0  -1  0
வகுக்கும் எண் 1

கூட்டுத்தொகை ஐந்திலிருந்து நான்கு போக ஒன்று, கணக்கு நேராகிறது. எங்கும் ஒரே நிறமாயுள்ள இடத்தில், எல்லாம் 100 என்றால், 500இலிருந்து 400 போக மீண்டும் 100, மாற்றமில்லை. ஆனால் சேலையின் கரை உடலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். இடப்புறம் இருண்ட கரை 60. வலப்புறம் வெளிர் உடல் 120. எல்லைக்கு வலப்பக்கத்துப் புள்ளியின் நடுமதிப்பு ஐந்து மடங்கு 600. அதன் நான்கு அண்டைகளில் மூன்று 120, ஒன்று 60. ஆக 420 கழிய 180. எல்லைக்கு இடப்பக்கத்துப் புள்ளிக்கு 300. அதன் அண்டைகள் மூன்று 60, ஒன்று 120. ஆக 300 கழிய 0. அறுபதாக இருந்தது முழுக் கறுப்பாயிற்று. நூற்றிருபதாக இருந்தது நூற்றெண்பதாயிற்று. இரண்டுக்கும் இடையே முன்பு 60 வித்தியாசம், இப்போது 180.

கண்ணுக்கு எல்லை கூர்மையாகத் தோன்றுவது இதனாலேதான். ஆனால் சேலையில் இல்லாத ஒரு கருங்கோடும் ஒரு வெண்கோடும் எல்லையின் இருபுறமும் முளைத்துவிட்டன என்பதை மறக்கலாகாது. ஜரிகையின் ஓரத்தில் இது வெள்ளை விளிம்பாகத் தெரியும். மென்மையான பட்டு, தகரம்போல் விறைத்துத் தோன்றும். நடுவில் 5க்குப் பதிலாக 8 எழுதி, வகுக்கும் எண்ணை 4 ஆக்கினால், அதே இடத்தில் 60 என்பது 45 ஆகும். 120 என்பது 135 ஆகும். இந்த அளவே சங்கத்தின் விற்பனைப் படங்களுக்குப் போதுமானது. மேலும், கைப்பேசிகளிற் பெரும்பாலானவை படத்தைச் சேமிக்கும் முன்பே தாமாக ஓரளவு கூர்மையாக்கிவிடுகின்றன. அதன்மேல் நாமும் செய்வது, உப்பிட்ட குழம்பில் மீண்டும் உப்பிடுவதாகும்.

எங்கே எழுதுவது?

ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உருவாக்கி 1996இல் வெளியிட்ட கிம்ப் என்ற மென்பொருள், எவரும் விலையின்றிப் பெறக்கூடியது, சங்கத்திற்குச் செலவில்லை. அதில் ‘பில்டர்ஸ்’ பட்டியில் ‘ஜெனரிக்’ பிரிவினுள் ‘கன்வல்யூஷன் மேட்ரிக்ஸ்’ என்றிருக்கும். 1990இல் முதன்முதலாக வெளிவந்த போட்டோஷாப்பில் ‘பில்டர்’ பட்டியில் ‘அதர்’ பிரிவினுள் ‘கஸ்டம்’ என்றிருக்கும். இரண்டிலும் ஐந்துக்கு ஐந்தாக 25 அறைகள் உண்டு. நாம் மேலே கூறிய ஒன்பது எண்களை நடு ஒன்பது அறைகளில் எழுதி, வெளி அறைகளில் 0 இடவேண்டும். வகுக்கும் எண்ணைக் கிம்ப்பில் ‘டிவைசர்’ என்றும், போட்டோஷாப்பில் ‘ஸ்கேல்’ என்றும் குறித்த இடத்தில் எழுதவேண்டும். ‘ஆப்செட்’ என்பது விடையோடு கடைசியில் சேர்க்கும் எண். சாதாரணமாக அது 0. கிம்ப்பில் ‘நார்மலைஸ்’ என்பதைத் தேர்ந்தால் வகுக்கும் எண்ணை மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும். ஆயினும் கணக்கைக் கற்கும்வரை நாமே எழுதுவது நலம்.

கட்டத்தின் கூட்டுத்தொகை 0 ஆக அமையும் ஒரு வகையும் உண்டு. சமமான இடமெல்லாம் கறுப்பாகி, மாறுபடும் இடம் மட்டும் மிஞ்சும். 1968இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் இர்வின் சோபெல், கேரி பெல்ட்மன் என்ற இருவர் வகுத்த கட்டம் இவ்வகையினது:

-1  0  1
-2  0  2
-1  0  1

இதற்குப் போட்டோஷாப்பில் வகுக்கும் எண் 4 என்றும் ஆப்செட் 128 என்றும் இட்டால், சமமான இடம் சாம்பலாக நிற்க, மேலிருந்து கீழாக ஓடும் கோடுகள் மட்டும் வெளிப்படும். துணியைப் பாவு நெடுகாக நிற்கும்படி அருகில் வைத்துப் படமெடுத்தால், அறுந்து விடுபட்ட பாவு இழை ஒரு நீண்ட கோடாகத் தெரியும். ஊடையின் கோடுகளைக் காண, கட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பி எழுதவேண்டும். ஐயம் தீர்க்க இது உதவும். ஆயினும் கூலியைத் தீர்மானிக்கும் சாட்சி இதுவன்று. விரித்த துணியே சாட்சி.

இல்லாத பட்டை எங்கிருந்து வந்தது?

இனி, தொடக்கத்திற் கூறிய சேலைக்கு வருவோம். அதன் பொடிக் கோடு ஒவ்வொன்றும் படத்தில் 3 புள்ளி கறுப்பு, 3 புள்ளி வெளுப்பு என 6 புள்ளிக்கு ஒருமுறை திரும்புவதாக வைத்துக்கொள்வோம். பெரிய படத்தை ஐந்தில் ஒரு பங்காகச் சிறிதாக்க, ஐந்து புள்ளிக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவது ஒரு முறை. 0ஆம் புள்ளி கறுப்பு, 5ஆவது வெளுப்பு, 10ஆவது வெளுப்பு, 15ஆவது வெளுப்பு, 20, 25, 30 ஆகியவை கறுப்பு. ஐந்து ஐந்தாகத் தாவியதால் 30 புள்ளிக்கு ஒருமுறை திரும்பும் புதிய கோடு உண்டாகிவிட்டது. மெய்க் கோட்டைப்போல் ஐந்து மடங்கு அகலமுள்ள பொய்ப் பட்டை! துணி சற்றே சாய்ந்தோ அலைந்தோ இருந்தால் இப்பட்டைகள் அலையலையாகவும் தோன்றும். அதன்மேல் வலுவான கூர்மைக் கட்டத்தையும் ஏற்றினால் பட்டை இன்னும் அழுத்தமாகும். அந்தச் சங்கத்தில் நடந்தது இதுவே. நெய்தவர் நெய்யாத பட்டைக்கு அவர் கூலியில் கை வைக்கப் பார்த்தார்கள்.

தடுப்பு எளிது. சிறிதாக்கும் முன்பு, 25 அறைகளிலும் 1 எழுதி, 25ஆல் வகுத்து மங்கலாக்கவேண்டும். கறுப்பு 50, வெளுப்பு 200 என்றால், எந்த ஐந்து புள்ளியைச் சேர்த்து எடுத்தாலும் மூன்று கறுப்பும் இரண்டு வெளுப்புமோ, இரண்டு கறுப்பும் மூன்று வெளுப்புமோதான் அமையும். சராசரி 110 அல்லது 140. முன்பு 150ஆக இருந்த வித்தியாசம் 30ஆகக் குறைந்துவிட்டது. பொய்ப் பட்டை ஏறத்தாழ மறைந்து, தொலைவிலிருந்து பார்க்கும் சேலையைப்போல் சீரான நிறம் தெரியும். பொடிக் கோட்டைக் காட்டவேண்டுமானால் துணியின் ஒரு பகுதியை நெருங்கி எடுத்த இரண்டாவது படத்தைச் சேர்த்து அனுப்பவேண்டும். சிறிதாக்கும்போதே தாமாகச் சராசரி காணும் முறைகளும் மென்பொருள்களில் உண்டு; அவற்றைத் தேர்ந்தெடுப்பதும் நன்றே. கிம்ப்பில் சிறிதாக்கும்போது ‘இன்டர்பொலேஷன்’ என்ற இடத்தில் ‘நன்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாகாது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கைப்பேசி படமெடுக்கும்போதே பொய்ப் பட்டை விழுந்துவிட்டால் எந்தக் கட்டமும் அதனைச் சரிவர நீக்காது. சற்று நெருங்கியோ விலகியோ மீண்டும் படமெடுக்கவேண்டும்.

உழவர் கவனிக்கவேண்டியது

இது நெசவாளருக்கு மட்டும் உரியதென்று உழவர்கள் எண்ணிவிடலாகாது. நிலக்கடலை, அதாவது நம் பக்கத்தில் மல்லாட்டை எனப்படுவது, டிக்கா என்னும் இலைப்புள்ளி நோயால் தாக்கப்படுவதை அனைவரும் அறிவோம். இதில் முன்பருவப் புள்ளி, பின்பருவப் புள்ளி என இரு வகை. முன்பருவப் புள்ளியைச் சுற்றிப் பெரும்பாலும் மஞ்சள் வளையம் தெளிவாக இருக்கும். பின்பருவப் புள்ளி இலையின் அடிப்புறத்தில் கரிய நிறமாகத் தெரியும். அதன் வளையம் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும். இலையைப் படம் பிடித்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்பி யோசனை கேட்கும் வழக்கம் இன்று பரவியிருக்கிறது.

மேலே கண்ட கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். இருண்ட புள்ளி 60. அதனைச் சூழ்ந்த இலை 120. கூர்மைக் கட்டத்தை ஏற்றியவுடன் புள்ளியைச் சுற்றி 180 மதிப்புள்ள வெளிறிய வளையம் ஒன்று தோன்றிவிடும். இலையில் இல்லாத வளையத்தைப் படத்தில் காட்டி அலுவலரிடம் யோசனை கேட்பது, நோயாளி மாறி நாடி பார்ப்பது போலாகும். ஆகவே, பயிரின் படத்திற்கு எந்தக் கட்டமும் வேண்டா. எடுத்தது எடுத்தபடியே, இலையின் மேற்புறமும் அடிப்புறமும் தெரிய இரண்டு படங்களாக அனுப்புங்கள்.

பழைய பேரேடுகள்

2022 ஜூன் மாதத்தில் மத்திய அரசு 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் வழங்கியது. கணக்குகள் கணினிக்கு மாறும் காலத்தில், மை மங்கிய பழைய பேரேடுகளையும் படியெடுக்க வேண்டியிருக்கிறது. எழுத்தைத் தெளிவாக்கக் கூர்மைக் கட்டம் ஓரளவு உதவும். ஆனால் தாளின் சொரசொரப்பையும் அதுவே பெரிதாக்கும். பக்கம் முழுவதும் பழுத்துப்போயிருந்தால் அதற்கு இக்கட்டம் பயன்படாது. ஏனெனில் ஒவ்வொரு புள்ளியும் தன் அண்டையைத்தான் அறியுமேயன்றிப் பக்கம் முழுவதையும் அறியாது. அதற்கு ஒளியளவை மாற்றும் வேறு கருவி வேண்டும்.

தாளின் கறைகளை மறைக்கவெண்ணி மங்கலாக்கும் கட்டத்தை இடுவதில் வேறோர் அபாயம் இருக்கிறது. சிறிய எழுத்தில் 3 என்ற எண்ணின் திறந்த வாய்கள் அடைபட்டு 8 போலத் தோன்றலாம். 300 ரூபாய்க் கடன் 800 ஆகிவிட்டால் வருந்துவோர் யார்? ஆகையால் மூலப் படத்தை மாற்றாமல் தனியே வைத்து, படித்துப் பார்ப்பதற்கென எடுத்த பிரதியில் மட்டும் எண் கட்டத்தை உபயோகிக்கவேண்டும். ஐயமுள்ள எண்ணைப் பேரேட்டின் மூலப் பக்கத்தோடு ஒப்பிட்ட பின்னரே பதியவேண்டும்.

கடைப்பிடிக்கவேண்டியவை

நாம் கூறியவற்றின் சாரம் இது. எண் கட்டம் படத்தில் புதிதாக எதனையும் நெய்வதில்லை. இருப்பதையே அக்கம்பக்கத்தாரிடையே கூட்டிக் கழித்துப் பங்கிடுகிறது. பங்கீட்டின் கணக்கை அறிந்தவர், படத்தில் தெரிவது துணியா, கணக்கா என்று சொல்லமுடியும். அறியாதவர் கணக்கைத் துணியென்று நம்பிவிடுவார்.

ஆகவே, சங்கக் காரியதரிசிகள் சிலவற்றை வழக்கமாக்கிக்கொள்வது நலம். மூலப் படத்தை எப்போதும் தனியே சேமித்து வையுங்கள். கட்டத்தின் எண்களைக் கூட்டி, வகுக்கும் எண்ணோடு சரி பாருங்கள். மங்கலாக்குவதைச் சிறிதாக்கும் முன்பும், கூர்மையாக்குவதைச் சிறிதாக்கிய பின்பும் செய்யுங்கள். உபயோகித்த எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் எடுக்கும் படமும் அதே முறையில் அமையும். எல்லாவற்றிற்கும் மேலாக, திருத்திய படத்தைச் சேலையின் பக்கத்தில் வைத்து, அதனை நெய்தவரையே ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். “இது என் சேலைதான்” என்று அவர் கூறிய பின்னரே படம் வெளியே போகட்டும்.

1935ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் இன்று இணையத்திலும் கைத்தறித் துணிகளை விற்கிறது. வாங்குவோர் துணியைத் தொட்டுப் பார்ப்பதற்கு மாறாகப் படத்தைப் பார்த்து வாங்கும் காலம் இது. முன்பு கடையில் துணியை விரித்துக் காட்டிய விற்பனையாளரின் நாணயம் இன்று படத்தைத் திருத்துபவரின் கைக்கு வந்திருக்கிறது. அந்த நாணயத்தைக் காப்பது சங்கத்தின் பெயரைக் காப்பதாகும். நெய்தவரின் கூலியைக் காப்பதுமாகும்.